ஈரத்துல வழுக்காத பிடி

கம்பியைப் புடிச்சுக்கங்க தம்பி. ஒரு கையில இல்லீங்க, ரெண்டு கையிலயும். இனி வளைவு ஆரம்பிச்சுரும், மழை வேற. என்னையப் பாருங்க, மேட்டுப்பாளையத்துல ஏறி உக்காந்ததுலேர்ந்து இந்தக் கம்பியை விடலை. விரல் பூரா வெளுத்துப்போச்சு. சிரிக்காதீங்க. கை எப்ப விட்டுப்போடும்னு யாருக்குங்க தெரியும்?

அந்த டிரைவர் பண்ணுனதைப் பாத்தீங்களா? இன்னைக்கு ஆயுத பூஜை. வண்டிக்கு முன்னால வாழைக்கன்னு கட்டியிருக்குது, மாலை போட்டிருக்குது, கண்ணாடி பூரா சந்தனம், குங்குமம். எல்லாம் சரி. கிளம்பறப்ப அந்த ஆளு ஒரு அழுக்குத் துணியை எடுத்து, ஸ்டேரிங்குல வச்ச சந்தனத்தைச் சுத்திச் சுத்தித் துடைச்சுப்போட்டார். நான் எந்திரிச்சு, "ஏனுங்க, சாமிக்கு வச்சதைத் துடைக்கறீங்களே, நல்லா இருக்குதா?"ன்னு கேட்டேன். "மலை ஏத்தோணும் பெரியவரே, உக்காருங்க"ங்கறார். பூஜையை அழிச்சுப்போட்டு மலை ஏறற வண்டியில உக்காந்திருக்கோம் நாம.

பொரி எடுத்துக்கங்க. எங்க பட்டறைப் பூஜைப் பொரிதான், கடலையும் வெல்லமும் கலந்திருக்குது. எம்பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல கிரைண்டர் பட்டறை. மாவாட்டற கிரைண்டருங்க. காலையில பட்டறைப் பூஜையை முடிச்சுப்போட்டு பஸ் ஏறிட்டேன். வீட்டுப் பூஜை குன்னூர்ல, எங்க வீட்டம்மா பாத்துக்குது. கார் இல்லாம இல்லீங்க. நிக்குது. நான்தான் ஓட்டறதில்லை. ஸ்டேரிங்கைத் தொட்டு ஒரு வருசமாச்சு. ஏன்னு சொல்றேன், சித்தெ இருங்க.

இந்தப் பையில என்னன்னுதானே பாக்கறீங்க? கையுறை. மழைக்குன்னே தச்ச கையுறைங்க, நனைய நனையப் பிடிப்பு எச்சாகும். கோல்ஃப் வெளையாடறதுக்கு. ஆமாங்க, நானேதான். எதுக்குத் தம்பி அப்படி மேலயும் கீழயும் பாக்கறீங்க? வேட்டி கட்டுனவன் கோல்ஃப் ஆடக் கூடாதா? அங்க போறப்ப பேண்ட்டுதான் போடுவேன், பயப்படாதீங்க. பயப்படறதுக்கு நான் ஒருத்தன் இருக்கறனே, போதாதா?

நாளைக்கு விஜயதசமி. மேல கிளப்புல மேட்ச்சு. காலையில மொத அடி நான்தான் அடிக்கோணும். அதைய நெனைச்சா இப்பவே உள்ளங்கை வேர்க்குது. பாருங்க, தொட்டுப் பாருங்க. குளுருக்குப் போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க நீங்க, எனக்கு வேர்க்குது.

எல்லாம் எங்க சம்மந்தியால வந்தது. எம்பொண்ணு மோகனப்பிரியாவைக் குன்னூர்ல குடுத்திருக்கு. மாப்பிள்ளையோட அப்பா தெய்வசிகாமணி, எஸ்டேட்டுக்காரர். பரம்பரையாத் தேயிலை, பரம்பரையாக் கிளப்பு. நிச்சயத்தன்னைக்கு எல்லாரும் சாப்புட்டு உக்காந்திருக்கறப்ப என்னையக் கேக்கறார், "சம்மந்தி கோல்ஃப் ஆடுவீங்களா?" நான் இல்லீங்கன்னேன். "பரவால்லீங்க, மாவு ஆட்டறீங்களே"ன்னார். கூட்டம் பூராச் சிரிச்சுது. எம்பொண்ணு மட்டும் சிரிக்கலை, தலையைக் குனிஞ்சுக்குச்சு.

கெட்ட மனுசன் இல்லீங்க அவரு. அதையும் சொல்லிப்போடறேன். எம்பொண்ணைத் தங்கமாத்தான் வச்சிருக்காங்க. வாய்தான். யாரைப் பாத்தாலும் ஒரு நக்கல் வேணும் அவருக்கு. எனக்கும் வாய் இருக்குது, ஆனா பொண்ணைக் குடுத்த எடத்துல அதைத் தொறக்க முடியுமுங்களா? அந்த வெறியிலதான் நான் கோல்ஃப் கத்துக்கிட்டேன். குன்னூர்ல ஒரு வீட்டை வாங்கி, வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து வச்சு, வாரத்துல பாதி நாள் மேல, பாதி நாள் பட்டறை. மொத வருசம் பந்தே படலை. ரெண்டாம் வருசம் பட்டுது. போன விஜயதசமிக்கு அவரே என்னையத் தன் ஜோடியா மேட்ச்சுக்குச் சேத்துக்கிட்டார். ஜோடின்னா ரெண்டு பேரும் ஒரே கட்சி. அந்தச் சேதியைக் கேட்டு எங்க வீட்டம்மா தெருவுக்கே பாயசம் குடுத்துச்சு.

இருங்க தம்பி, இந்த வளைவு போயிரட்டும். யப்பா. கீழ பாக்காதீங்க.

ஆங், பூஜை. போன வருசம் ஆயுத பூஜைக்குச் சம்மந்தி வீட்டுல எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. எங்க வீட்டம்மா வசந்தாமணி இருக்குதே, பூஜைன்னா அதுக்கு ஒரு குறை இருக்கக் கூடாது. பட்டறை ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து அதோட கைப் பூஜைதான். ஒவ்வொரு மிஷினையும் கழுவி, துடைச்சு, தேங்காயெண்ணெய் போட்டு மினுமினுன்னு தேய்ச்சு, அதுக்கு மேல சந்தனம், அதுக்கு மேல குங்குமம். எண்ணெய் போடாத ஆயுதம் பட்டினி கெடக்கற மாதிரிங்கும். கோல்ஃப் மட்டைகளையும் அப்படியே வரிசையா நிறுத்தி, அடியிலேர்ந்து கையில புடிக்கற எடம் வரைக்கும் எண்ணெய் தேய்ச்சு, பொட்டு வச்சு, வெளக்கு வெளிச்சத்துல பாத்தா கண்ணு கூசுது. என்ன தம்பி? இல்லீங்க, சித்தெ இருங்க, இனிமேதான் கதையே இருக்குது.

சம்மந்தி அதைப் பாத்துப்போட்டு, "ஏனுங் சம்மந்தி, மட்டைக்குப் பொட்டு வச்சுட்டா பந்து தானா நடந்து போய்க் குழியில விழுந்துருமா?"ன்னார். வசந்தா மொகம் செத்துப்போச்சு. தட்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. என்னையச் சொல்லட்டும், பட்டறையைச் சொல்லட்டும், பொறுத்துக்குவேன். கை நோகக் காலையிலேர்ந்து தேய்ச்சவளைச் சொன்னா? நான் எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயிட்டேன். அங்க போய், பல்லைக் கடிச்சுக்கிட்டு, எனக்கு நானே சொன்னேன். "இந்த ஆளு மண்டையைப் பொளந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

கோவத்துல எல்லாரும் சொல்றதுதானுங்களே. நீங்க சொன்னதில்லையா? ஆனா திரும்பிப் பாக்கறேன், வாசப்படியில எம்பொண்ணு நிக்குது. பாயசக் கிண்ணத்தை எடுக்க வந்திருக்குது. கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

அடுத்த நாள் காலையில மேட்ச்சு. விஜயதசமியன்னைக்குப் பூஜையில வச்சதை எடுத்து ஒரு தடவையாச்சும் வேலை செஞ்சு பாக்கோணுமில்ல, எனக்கு அது தோதாப்போச்சு. பூஜை ரூம்புலேர்ந்து மட்டைகளை எடுத்துப் பையில போட்டு நேரா கிளப்பு. தூறல். புல்லெல்லாம் தண்ணி. மட்டைப் பையைத் தூக்கிட்டு வர்ற ஸ்டீபன் ஒரு துண்டை எடுத்து, நான் புடிக்கற எடத்தைத் துடைக்க வந்தார். நான் விடுவனா? "ஏனுங்க ஸ்டீபன், வீட்டம்மா பூஜை போட்டு வச்சதை மொத அடிக்கு முன்னால துடைப்பாங்களா?"ன்னு மட்டையை வாங்கிக்கிட்டேன். மத்தவங்கெல்லாம் காத்துல நாலு வீச்சு வீசிப் பாத்துட்டு அடிப்பாங்க. நான் அதுவும் பண்ணலை. நல்ல நேரத்துல மொத வீச்சு பந்து மேலதான் விழோணும்னு வசந்தா சொல்லி அனுப்பியிருந்துச்சு.

சம்மந்தி எனக்கு எடது பக்கமா, சித்தெ முன்னால, கொடையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறார். "மாவு ஆட்டற கை, பாத்து"ன்னார். எம்பொண்ணும் மாப்பிள்ளையும் பின்னால ஓரமா நிக்கறாங்க. நான் மட்டையைத் தூக்குனேன். வீசுனேன்.

தம்பி, சத்தியமாச் சொல்றேன், நான் இறுக்கித்தான் புடிச்சிருந்தேன். பந்தைத் தொட்டுது, அது வரைக்கும் கையில இருந்துச்சு. அதுக்கப்பறம் பொசுக்குனு இல்லை. கையில ஒண்ணுமே இல்லை. கண்ணைத் தூக்கிப் பாக்கறேன், மட்டை சுத்திக்கிட்டே போகுது. கொடை மேல பட்டுது, கொடை மடங்குச்சு, சம்மந்தி அப்படியே கீழ உக்காந்துட்டார். காதுகிட்டேர்ந்து ரத்தம். வெள்ளைச் சட்டை. மழைத் தண்ணியில அது ஓடறதைப் பாத்தேன்.

எல்லாரும் அவரைப் பாத்து ஓடறாங்க. எம்பொண்ணு மட்டும் ஓடலை. அது திரும்பி என்னையப் பாத்துச்சு. ஒரே பார்வைதான். அப்பறம் அதுவும் ஓடிருச்சு. அந்தப் பார்வையைத்தான் தம்பி ஒரு வருசமா நான் பாத்துக்கிட்டு இருக்கறேன்.

பர்லியாறு வந்துருச்சு, வாங்க, எறங்கி டீ குடிக்கலாம். சுடச் சுட வடை போடறான் பாருங்க. எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. எண்ணெய் சித்தெ எச்சாத்தான் இருக்குது, மழைக்கு நல்லா இருக்கும். பேப்பர் இல்லாட்டிப் பரவால்ல, வேட்டியில தொடைச்சுக்குவேன். சரி, விசில் ஊதறான், ஏறுங்க.

எங்க விட்டேன்? ஆங், ஆஸ்பத்திரி. தையல் போட்டாங்க. டாக்டர் சொன்னார், நூலளவு உள்ள தள்ளிப் பட்டிருந்தா நெத்திப்பொட்டு, ஆள் இருந்திருக்க மாட்டார்னு. அப்ப வசந்தா சொல்லுச்சு, "பூஜை போட்ட மட்டைங்க அது, அதனாலதான் ஓரமாப் போச்சு." நெஜந்தானுங்களே? அந்தப் பூஜை மட்டும் இல்லீன்னா இன்னைக்கு நான் எங்க உக்காந்திருப்பேன்? சம்மந்தி என்ன பண்ணுனார் தெரியுமுங்களா? தலையில கட்டோட, "பந்தை அடிக்கச் சொன்னா ஆளை அடிக்கறீங்களே சம்மந்தி"ன்னு சிரிக்கறார். ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். சிரிச்சுப்போட்டார். எம்பொண்ணு சிரிக்கலை.

இல்லீங்க தம்பி, நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியுது. "தெரியாம நடந்தது, விடுங்க"ம்பீங்க. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. முழுசாக் கேளுங்க.

நான் என்ன நெனைச்சேன்? கிரிப்பு. மட்டையோட மேல் நுனியில கையில புடிக்கறதுக்கு ஒரு ரப்பர் உறை இருக்கும், அதுதான் கிரிப்பு. என்னுது வழவழ ரப்பர். ஈரத்துக்கு ஆகாது, அதனால வழுக்கிருச்சு, அவ்வளவுதான். அப்படின்னு நெனைச்சு, ஈரத்துல வழுக்காத கிரிப்பு எதுன்னு தேட ஆரம்பிச்சேன். பட்டறைக்காரன் நான், தேட ஆரம்பிச்சா விடமாட்டேன். ஆழமாக் கோடு வெட்டுனது ஒண்ணு இருக்குது, தண்ணி அந்தக் கோடு வழியா ஓடிரும். மெத்துமெத்துன்னு ஒண்ணு, புடிச்சா சொகமா இருக்கும், நனைஞ்சா ஊறிப்போகும். மேல் பாதி நூலும் கீழ் பாதி ரப்பருமா ஒண்ணு. முழுக்க நூல் கலந்தது ஒண்ணு, அது உப்புத்தாள் மாதிரி இருக்கும், உள்ளங்கைத் தோலை உரிச்சுப்போடும். தடிமன் வேற பாக்கோணும். எச்சாத் தடிமனா இருந்தா விரல் சுத்திப் புடிக்காது. ஒல்லியா இருந்தா பயத்துல அழுத்தி அழுத்திக் கை மரத்துப்போகும். ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வாங்கினேன்.

வாங்கி, குளியலறையில சோதனை. சிரிக்காதீங்க. ஷவரைத் தொறந்து விட்டுக்கிட்டு, நான் கிரிப்பைப் புடிச்சுக்குவேன், வசந்தா அந்தப் பக்க நுனியைப் புடிச்சு இழுக்கோணும். பாவம், சேலையெல்லாம் நனைஞ்சுக்கிட்டு இழுத்துச்சு. கோடு வெட்டுனது நின்னுச்சு. பாதி நூல் நின்னுச்சு. முழு நூல், கேக்கவே வேண்டாம். கடைசியா அந்தப் பழைய மட்டையை எடுத்தேன், சம்மந்தி மேல பட்டது. சேத்துல கெடந்ததை ஸ்டீபன் சோப்புப் போட்டுக் கழுவிக் குடுத்திருந்தார். வழவழ ரப்பர். இது பிச்சுக்கிட்டுப் போகும்னு நெனைச்சேன். வசந்தா இழுத்துச்சு. நின்னுச்சு. "நல்லா இழு"ன்னேன். செவுத்துல காலைக் குடுத்து இழுத்துச்சு. அசையலை.

எனக்குக் குப்புனு வேர்த்துருச்சு தம்பி. தண்ணிக்கடியில நிக்கறேன், வேர்க்குது. இத்தனை தண்ணியிலயும் நின்ன கிரிப்பு அன்னைக்குத் தூறலுக்கு எப்படி வழுக்கும்? கிரிப்பு விடலைன்னா, யாரு விட்டது?

இதைய நான் வசந்தாகிட்டச் சொல்லலை. யாருகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க எங்கியோ போறவரு. கை தானா விட்டுச்சா, நான் விட்டனா? மனசுல ஒண்ணு இருந்தா அது கை வழியா வந்துருமா? முந்தின நாள் வாயில சொன்னதை மறுநாள் கை செஞ்சுபோட்டுதே. எனக்கே தெரியாம எனக்குள்ள ஒருத்தன் இருக்கானா? அன்னைலேர்ந்து கார் ஓட்டறதில்லை. பேரனைத் தூக்கறதில்லை. ஆமாங்க, நடுவுல பேரன் பொறந்துட்டான். ஆஸ்பத்திரியில கொழந்தையை என் கையில குடுக்க வந்தாங்க, நான் சளி புடிச்சிருக்குதுன்னு சொல்லிட்டேன். எம்பொண்ணும் குடுக்கறேன்னு நீட்டலை. அதைய நான் கவனிச்சேன்.

எம்பொண்ணு இன்னைக்கு வரைக்கும் புகுந்த வீட்டுல வாயைத் தொறக்கலை தம்பி. சமையக்கட்டுல கேட்டதை யாருகிட்டயும் சொல்லலை. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அந்த வீட்டுல மாமனாருக்குச் சோறு போடுது. ஒரு நாள் வந்துச்சு, "ஏனுங்கப்பா, உங்களை ஒண்ணு கேக்கோணும்"னு ஆரம்பிச்சுது. "அம்மிணி, இப்ப வேண்டாம், பட்டறையில ஆளு காத்திருக்காங்க"ன்னு எந்திரிச்சு வந்துட்டேன். கேட்டா என்னத்தைச் சொல்றது? நான் விடலை கண்ணுன்னு சொல்லோணும். சொல்றதுக்கு எனக்கே தெரியலையே.

என்ன? சித்தெ இருங்க தம்பி, குன்னூர் வர்றதுக்குள்ள முடிச்சுப்போடறேன்.

கோல்ஃபே வேண்டாம்னு விட்டுட்டேன். எட்டிக்கூடப் பாக்கலை. போன மாசம் சம்மந்தி வீட்டுக்கே வந்து உக்காந்துட்டார். "நாளைக்கு ஊர்ல நாலு பேரு, அன்னைக்கு அடிச்சுப்போட்டு ஒளிஞ்சுக்கிட்டான்னு பேசுவாங்க, எம்மருமகளுக்கு அது நல்லதில்லை. விஜயதசமி மேட்ச்சுக்கு நீங்க என் ஜோடி. நான் போன தடவை நின்ன அதே எடத்துல நிக்கறேன். நீங்க அடிங்க"ன்னார். நல்ல மனசுல சொல்றார். வேண்டாமுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கேக்கலை. "என் மண்டை கெட்டி, உங்க மாவுக்கல்லு மாதிரி"ங்கறார்.

அப்பறம் நேத்துப் பொண்ணுகிட்டேர்ந்து போன்ல ஒரு சேதி. அதைய நான் மனப்பாடமே பண்ணிட்டேன். "அப்பா, நாளன்னைக்கு நானும் வர்றேன். மாமா பக்கத்துலயே நின்னுக்கறேன்." அவ்வளவுதான். மாமா பக்கத்துல. ஏன் தம்பி? அப்பா மேல நம்பிக்கை இருக்குதுன்னு ஊருக்குக் காட்ட நிக்குதா? இல்லை, தான் நின்னா அப்பா கை அந்தப் பக்கம் வராதுன்னு நிக்குதா? ராத்திரி பூரா அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பாத்தேன். எப்படி இருந்தாலும், நாளைக்கு மட்டும் என் கை விட்டுச்சுன்னா அது எம்பொண்ணு மேல. பட்டாலும் செத்தேன், படாட்டியும் செத்தேன். அதுக்கப்பறம் எந்த மொகத்தை வச்சுக்கிட்டு நான் விடலைன்னு சொல்லுவேன்?

அதனாலதானுங்க ஒண்ணும் பாக்கி வைக்கலை இந்தத் தடவை. எல்லா மட்டைக்கும் முழு நூல் கிரிப்பு மாத்திட்டேன். தோலு போனாப் போகட்டும். கையுறை வாங்கிட்டேன். கை விடோணும்னு நெனைச்சாக்கூட விட முடியாது, அப்படி. எனக்குள்ள இருக்கறவன் என்ன நெனைச்சாலும் சரி, கிரிப்பு அவனை விடாது.

இருங்க, போன். வீட்டம்மா. சொல்லு வசந்தா... ம்... பூஜை முடிஞ்சுதா?... மட்டை எல்லாத்துக்குமா?... ம்... அப்படியா? குடிக்குதா? அடடே... போடு, போடு, இன்னொரு கை போடு. கையில புடிக்கற எடம்தான் முக்கியம், அங்க விட்டுப்போடாத... ஆமா, குன்னூர் வந்துட்டேன். வைக்கறேன்.

நெஞ்சுல பாதிப் பாரம் எறங்கிருச்சு தம்பி. போன வருசம் அந்தப் பூஜைதானே காப்பாத்துச்சு, அதனால இந்த வருசம் ரெட்டிப்பாப் பண்ணுன்னு சொல்லி வச்சிருந்தேன். பண்ணியிருக்குது. இந்த நூல் கிரிப்பு தேய்க்கத் தேய்க்க எண்ணெயைக் குடிச்சுக்கிட்டே இருக்குதாம். போன தடவை மாதிரி மேலோட்டமா இல்லாம, ஊறவிட்டு ஊறவிட்டு மூணு கை தேய்ச்சிருக்குது. இப்பத்தான் பளபளன்னு வந்திருக்குதாம். அதுக்கு மேல சந்தனம். பாவம், கை வலிக்குதுங்குது. பெத்த பொண்ணுக்காக ஒரு தாயி வேற என்ன பண்ண முடியும் சொல்லுங்க? காலையில அப்படியே எடுத்துட்டுப் போக வேண்டியதுதான். ஸ்டீபன்கிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன், துண்டை எடுத்துக்கிட்டு என் பக்கமே வரக் கூடாதுன்னு.

குன்னூர் ஸ்டாண்டு வந்துருச்சு. நான் எறங்கிக்கறேன். நீங்க ஊட்டி வரைக்கும் போகோணுமில்ல? பர்லியாறுலேர்ந்து நீங்களும் வாயைத் தொறந்து தொறந்து மூடறீங்க, நான்தான் விடலை. எம்பொண்ணும் இதையத்தான் சொல்லும், எங்கப்பா யாரையும் பேச விடமாட்டாங்கன்னு. என்ன பண்றது, பயம் வந்தா எனக்கு வாய் நிக்காது. அடுத்த தடவை பாத்தா நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்.

அட, எதுக்குங்க எந்திரிச்சு வர்றீங்க? நனையாதீங்க, படியில நிக்காதீங்க. கையைப் புடிச்சுக்கிட்டீங்க. எனக்காக வெசனப்படறீங்களா? நல்லதே நடக்கும், எனக்கும் இப்பச் சித்தெ தைரியம் வந்திருக்குது. விடுங்க, கண்டக்டர் கத்தறார். என்ன இறுக்கு இறுக்கறீங்க! நல்ல பிடிங்க உங்களுது. இந்தப் பிடி எனக்கு இருந்திருந்தா போன வருசம் அது நடந்தே இருக்காது.

விட்டுருச்சு பாருங்க. வடை தின்ன எண்ணெய்க் கை, மழைத் தண்ணி வேற, எங்கிருந்து நிக்கும்?

என்னது? வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க. என்ன அப்படிக் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் காட்டறீங்க? துடைக்கோணுமா? அட, அதுக்குத்தான் கையுறை இருக்குதுங்களே! நாளைக்கு நீங்களும் எங்களுக்காகச் சாமி கும்பிட்டுக்கங்க தம்பி. உள்ள போங்க, போய் உக்காருங்க. வளைவு வருது, கம்பியைப் புடிச்சுக்கங்க!